கடனை கட்டியாச்சு... பத்திரம் எங்கே? வங்கியில் இருந்து அசல் ஆவணத்தை மீட்க வழிகள்

சென்னை, நந்தனம்:

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி 15 வருடம், 20 வருடம் தவணை கட்டுகிறார்கள். கடைசி தவணையும் போய்ச் சேர்ந்து விடுகிறது. அப்பாடா என்று பத்திரத்தை வாங்க பேங்குக்கு போனால், "பத்திரம் இந்த கிளையில் இல்லைங்க, வேற ஊர்ல இருந்து வரணும், அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரம் என்பது அடுத்த மாதம் ஆகிறது. அப்புறம், "தேடிக்கிட்டு இருக்கோம்" என்று பதில் வருகிறது.

இந்த "தேடிக்கிட்டு இருக்கோம்" என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் பலருக்கும் வயிற்றில் புளி கரைக்கிறது. அசல் பத்திரம் கையில் இல்லை என்றால் வீட்டை நல்ல விலைக்கு விற்க முடியாது. பொண்ணு கல்யாணத்துக்கு அவசரம் என்று வேறு இடத்தில் வைத்து பணம் புரட்டவும் முடியாது. வாங்க வருபவர் முதலில் கேட்பதே, "ஒரிஜினல் இருக்கா?" என்றுதான். இல்லை என்று தெரிந்தால் பாதி பேர் அப்படியே திரும்பி விடுவார்கள். மீதி பேர் விலையை அடித்துக் கேட்பார்கள்.

ஆனால் பத்திரத்தை திருப்பித் தருவது வங்கி செய்யும் உதவி அல்ல. அது கடமை. கெடுவும் உண்டு, கெடு தப்பினால் நஷ்டஈடும் உண்டு. இது தெரியாமல்தான் நிறைய பேர் கையைக் கட்டிக் கொண்டு கவுண்ட்டர் முன்னால் நிற்கிறார்கள்.

30 நாள் கெடு

ரிசர்வ் வங்கி 2023-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி ஒரு உத்தரவு போட்டது. கடனை முழுவதும் கட்டி முடித்த நாளில் இருந்து 30 நாட்களுக்குள் எல்லா அசல் ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஆவணத்தை கொடுத்தால் மட்டும் போதாது. அந்த சொத்தின் மேல் எந்த பதிவேட்டில் அடமானம் ஏற்றப்பட்டு இருந்தாலும் அதையும் அதே 30 நாட்களுக்குள் நீக்க வேண்டும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியும் அதற்கு பிறகும் ஆவணம் திருப்பித் தர வேண்டி வந்த எல்லா கணக்குகளுக்கும் இது பொருந்தும். கடன் எந்த வருடம் வாங்கியது என்பது கணக்கில்லை.

அரசு வங்கி, தனியார் வங்கி, கூட்டுறவு வங்கி, வீட்டு வசதி நிதி நிறுவனம், மற்ற நிதி நிறுவனங்கள், வாராக் கடனை வாங்கும் சொத்து சீரமைப்பு நிறுவனம் என்று எல்லோருக்கும் சேர்த்துதான் இந்த உத்தரவு.

வங்கியின் தவறால் தாமதம் ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5 ஆயிரம் கடன்தாரருக்கு கொடுக்க வேண்டும். ஏன் தாமதம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். கணக்கு போட்டுப் பார்த்தால் இப்படி வரும். ஜூன் 1-ந் தேதி கடைசி பாக்கி கட்டியாகி விட்டது என்று வைத்துக் கொள்வோம். ஜூலை 1-ந் தேதியோடு 30 நாள் முடிகிறது. பத்திரம் ஜூலை 16-ந் தேதிதான் கைக்கு வருகிறது. தாமதம் 15 நாள். அப்படியானால் ரூ.75 ஆயிரம். கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகும் குடும்பத்துக்கு இது சின்ன தொகை அல்ல. ஆனால் வாய் திறந்து, அதுவும் எழுத்தில் கேட்டால்தான் இந்த பேச்சே எழும்.

ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். இந்த ரூ.5 ஆயிரம் உத்தரவு வீட்டுக் கடன், கல்விக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்குத்தான். கடை வைக்க, லாரி வாங்க என்று தொழிலுக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் இதில் நேரடியாக வராது. அதற்காக வங்கி பத்திரத்தை வைத்துக் கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-வது பிரிவு, அடமானத் தொகையை கட்டியவருக்கு ஆவணங்களை திரும்பப் பெறும் உரிமையை கொடுத்திருக்கிறது. தினக்கணக்கு நஷ்டஈடு இல்லையே தவிர, உரிமை அப்படியேதான் இருக்கிறது.

அதே போல மயிலாப்பூர் பக்கம் பழைய காலத்தில் இருந்து நடக்கும் 'நிதி' கம்பெனிகளில் பத்திரத்தை வைத்து பணம் வாங்கியவர்கள் உண்டு. இந்த கம்பெனிகள் மத்திய கம்பெனி விவகாரத் துறையின் விதிகளின் கீழ் நடப்பவை. ரிசர்வ் வங்கியின் தினம் ரூ.5 ஆயிரம் கணக்கை அங்கே போய் கேட்க முடியாது.

எல்லாம் 'மெட்ராஸ்' வழக்கம்

பத்திரத்தை கொடுத்தால் பணம் என்ற இந்த முறைக்கு சென்னையில் பழைய வேர் உண்டு. எழுத்தில் அடமானப் பத்திரம் போடாமலே, சொத்து ஆவணத்தை ஒப்படைத்து கடன் வாங்குவதை சொத்து மாற்றுச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஊர்கள் மூன்றுதான். கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய். மற்ற ஊர்களை அரசு அறிவித்து சேர்த்துக் கொள்ளலாம்.

வெறும் ஒப்படைப்பாக இருந்தது பிறகு தமிழ்நாட்டில் மாறியது. 2012-ம் ஆண்டு டிசம்பர் முதல், உரிமை ஆவணம் ஒப்படைப்பு ஒப்பந்தத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் ஆனது. அதனால் வீட்டுக் கடன் வாங்கியதும் வில்லங்க சான்றில் ஒரு வரி ஏறி விடுகிறது. கடனை கட்டி முடித்தாலும் அந்த வரி தானாக போய் விடாது. இதை தனியாக பார்ப்போம்.

பத்திரம் எங்கே போகிறது?

கடன் கொடுத்த கிளையில், மேனேஜர் ரூம் பக்கத்து இரும்பு பீரோவில் பத்திரம் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இருந்த காலம் ஒன்று. இப்போது பல வங்கிகள் எல்லா ஊர் பத்திரங்களையும் ஒரே இடத்தில் கிட்டங்கி போல வைத்து பாதுகாக்கின்றன. அது வேறு மாவட்டத்திலோ, வேறு மாநிலத்திலோ கூட இருக்கலாம். அங்கிருந்து எடுத்து, கூரியரில் அனுப்பி, கிளைக்கு வந்து சேர வேண்டும். தொலைவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பெங்களூரில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு சாட்சி. அங்கே ஒருவர் 2016-ம் ஆண்டு வீடு வாங்க ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் ரூ.1 கோடியே 86 லட்சம் கடன் வாங்கினார். ஒப்படைத்த ஆவணங்களின் நகல் வரவில்லையே என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெங்களூரில் இருந்து ஐதராபாத்தில் உள்ள சேமிப்பு மையத்துக்கு கூரியரில் போனபோது ஆவணங்கள் தொலைந்து விட்டன. வங்கி குறைதீர்ப்பாளரிடம் போனதில் ரூ.25 ஆயிரம் இழப்பீடு தரச் சொன்னார்கள். அவர் விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு போனார். தொலைத்தது கூரியர் கம்பெனி என்று வங்கி கை காட்டியது எடுபடவில்லை. ரூ.25 லட்சம் இழப்பீடும், வழக்கு செலவுக்கு ரூ.50 ஆயிரமும் தர 2023-ம் ஆண்டு ஆணையம் உத்தரவிட்டது. ஆவணங்களின் நகல்களை வங்கி தன் செலவில் எடுத்துக் கொடுக்க வேண்டும், பின்னால் நஷ்டம் வந்தால் ஈடு கட்டுவதாக உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னது. ரூ.25 ஆயிரம் எங்கே, ரூ.25 லட்சம் எங்கே!

அந்த நபர் கடன் ஓடிக் கொண்டிருக்கும்போதே கேட்டார். அதனால்தான் தெரிந்தது. 20 வருடம் கழித்து கேட்டிருந்தால் கூரியர் சீட்டைக் கூட யாரும் தேடி இருக்க முடியாது.

வங்கியே இல்லையே!

கடன் கொடுத்த வங்கியின் பெயர்ப் பலகையே மாறிப் போனது இன்னொரு தலைவலி. சென்னைவாசிகள் பலருக்கு இது நேர்ந்திருக்கிறது. பயப்பட வேண்டாம். வங்கி இணைந்தால் கடனும் பத்திரமும் புது வங்கியின் பொறுப்புக்கு போய் விடும்.

அலகாபாத் வங்கி 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. அதே நாளில் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஓரியண்டல் வங்கியும் யுனைடெட் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியிலும் சேர்ந்தன. விஜயா வங்கியும் தேனா வங்கியும் அதற்கு ஒரு வருடம் முன்பே பாங்க் ஆப் பரோடாவுக்கு போய் விட்டன. லட்சுமி விலாஸ் வங்கி 2020-ம் ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கி ஆனது. எச்.டி.எப்.சி. வீட்டுக் கடன் நிறுவனம் 2023-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி எச்.டி.எப்.சி. வங்கியோடு ஒன்றானது. இன்னும் பழசு என்றால், பாங்க் ஆப் மதுரா 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியிலும், பாரத் ஓவர்சீஸ் வங்கி 2007-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிலும் சேர்ந்தன.

இப்படி இணைந்தபோது கிளைகளும் மூடப்பட்டன. தெருமுனையில் இருந்த கிளையின் கணக்குகள் இன்னொரு கிளைக்கு மாற்றப்பட்டு இருக்கும். பழைய கடன் கணக்கு எண்ணோடு போய், இப்போது எந்த கிளையில் கணக்கு இருக்கிறது, பத்திரம் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும். கடன் கணக்கு இருந்த கிளையில் வாங்குவதா, ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்குவதா என்று முடிவு செய்யும் உரிமையும் கடன்தாரருக்குத்தான் என்று 2023 உத்தரவு சொல்கிறது. சைதாப்பேட்டைக்காரர் பத்திரத்துக்காக ஐதராபாத் ரெயில் ஏற வேண்டியது இல்லை.

கையெழுத்து போடும் முன்...

கடனை முடிக்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே ஒரு மாதம் முன்பே வேலையை ஆரம்பிப்பது நல்லது. கடன் வாங்கியபோது என்னென்ன ஆவணம் கொடுத்தோம் என்ற பட்டியல் வங்கியிடம் இருக்கும். அதன் நகலை கேட்டு வாங்க வேண்டும். கிரையப் பத்திரம் மட்டும் என்று நினைத்தால் தப்பு. தாய்ப் பத்திரம், பழைய மூலப் பத்திரங்கள், பட்டா, கட்டிட வரைபடம், பவர் பத்திரம், பில்டரோடு போட்ட ஒப்பந்தம் என்று கட்டே போயிருக்கும்.

கடைசி பாக்கி கட்டிய அன்றே ரசீதும், கடன் முடிந்தது என்ற கடிதமும், நிலுவை இல்லை என்ற சான்றும் வாங்க வேண்டும். 30 நாள் கணக்கு அந்த தேதியில் இருந்துதான் ஓடும். "சில்லறை பாக்கி 300 ரூபாய் இருக்கு" என்று பிறகு இழுக்காமல் இருக்க, கணக்கு பூஜ்யம் ஆன அறிக்கையும் வேண்டும். அதோடு ஆவணங்களைக் கேட்டு ஒரு மனு கொடுத்து, நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கி வைக்க வேண்டும். வாய் வார்த்தையில் கேட்டதற்கு எந்த கோர்ட்டிலும் மதிப்பு இல்லை.

பத்திரம் வந்ததும் கவுண்ட்டரிலேயே நின்று ஒவ்வொரு பக்கமாக புரட்டிப் பார்க்க வேண்டும். முத்திரைத்தாள் பக்கங்கள் எல்லாம் இருக்கிறதா, சார்பதிவாளர் முத்திரை இருக்கிறதா, வந்திருப்பது அசலா அல்லது கலர் ஜெராக்சா என்று பார்க்காமல், "அனைத்தும் பெற்றுக் கொண்டேன்" என்று கையெழுத்து போட்டு விட்டால் அப்புறம் வாதாட முடியாது. ஒன்று குறைந்தாலும், எது குறைகிறது என்று அந்த சீட்டிலேயே எழுதி விட்டு கையெழுத்து போடலாம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். 20 வருட உழைப்பு அது.

சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் நேரில் போக வேண்டும். கணவர் கடன் கட்டி, வீடு மனைவி பெயரில் இருந்தால் மனைவியும் அடையாள அட்டையோடு வர வேண்டும். கடன் வாங்கியவர் இறந்து போயிருந்தால் இறப்பு சான்றும், தாசில்தார் தரும் வாரிசு சான்றும் தேவை. வாரிசுகளுக்கு ஆவணம் தரும் நடைமுறையை ஒவ்வொரு வங்கியும் முன்கூட்டியே வகுத்து, தனது இணையதளத்தில் போட்டு வைக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி உத்தரவில் உள்ளது. அண்ணன் தம்பிக்குள் தகராறு இருந்தால் வங்கி ஒருவரிடம் மட்டும் கொடுக்க யோசிக்கும். அங்கே தப்பு வங்கியுடையது என்று சொல்ல முடியாது.

வில்லங்கத்தில் நிற்கும் வரி

பத்திரம் கைக்கு வந்து விட்டது என்று பீரோவில் வைத்து பூட்டி விடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து விற்கப் போகும்போது வில்லங்க சான்று போட்டால், வங்கி அடமானம் அப்படியே நிற்கிறது. வாங்க வந்தவர் பின்வாங்குகிறார்.

இதற்கு ரசீது ஆவணம் பதிவு செய்ய வேண்டும். கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதிக் கொடுத்து, அடமானம் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் ஆவணம் இது. பதிவுக் கட்டணம் முன்பு ரூ.20 ஆக இருந்தது. 2023-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி முதல் ரூ.200 ஆனது. இந்த வேலைக்கு வெளியே சில புரோக்கர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பதை நினைத்தால் அரசு கட்டணம் ஒன்றுமே இல்லை. வங்கி அதிகாரி வந்து கையெழுத்து போட தேதி வாங்குவதுதான் இதில் கஷ்டம். பத்திரம் வாங்கும் அன்றே அந்த தேதியையும் கேட்டு வாங்கி விடுவது புத்திசாலித்தனம்.

ரசீது பதிவான பிறகு பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தால் அடமான வரிக்கு கீழே ரசீது வரியும் வந்திருக்கும். பழைய வரி அழியாது. ஆனால் தீர்ந்து விட்டது என்பதற்கு அது போதும்.

இன்னொரு பதிவேடு டெல்லியில் இருக்கிறது. ஒரே பத்திரத்தை வைத்து நான்கு வங்கியில் கடன் வாங்கும் மோசடியை தடுக்க 2011-ல் தொடங்கப்பட்ட மத்திய பதிவகம் அது. செர்சாய் என்பார்கள். அதில் ஏற்றிய அடமானத்தையும் வங்கிதான் நீக்க வேண்டும். நீக்கியதற்கான அத்தாட்சியை கேட்டு வாங்கலாம்.

தொலைந்தே போச்சு என்றால்?

"காணோம்" என்று வங்கி சொல்லி விட்டால், வங்கியின் லெட்டர்ஹெட்டில் அதை எழுதி வாங்குவதுதான் முதல் வேலை. இந்த ஒரு காகிதம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

போலீசில் புகார் கொடுக்க வேண்டியதும் வங்கியே. "நீங்களே போய் தொலைஞ்சு போச்சுன்னு ஒரு புகார் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னால் ஏமாறக் கூடாது. வங்கியில் தொலைந்ததை, நான் தொலைத்தேன் என்று கையெழுத்து போட்டால் நஷ்டஈடு கேட்கும் வழியே அடைபட்டு விடும்.

புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று வரிசையாக வேலை இருக்கிறது. நகல் எடுக்க உதவுவதும், அதற்கான செலவும் வங்கியின் பொறுப்பு. இதற்காக வங்கிக்கு கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. ஆக மொத்தம் 60 நாள். அதற்கு மேல் போனால் தினம் ரூ.5 ஆயிரம் கணக்கு தொடங்கும்.

பதிவான பத்திரம் என்றால் அதன் படி சார்பதிவாளர் அலுவலக புத்தகத்தில் இருக்கும். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரையோர வீடுகளில் பத்திரங்கள் ஊறிப் போனபோது கைகொடுத்ததும் இந்த சான்றிட்ட நகல்தான். அதை கோர்ட்டும் ஏற்கும். ஆனால் சந்தையில் அசலுக்கு உள்ள மதிப்பு நகலுக்கு வராது என்பதும் உண்மை.

மறு விற்பனைக்கு அசல் கட்டாயமா என்பதில் விதியும் மாறி மாறி வந்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ சேர்க்கப்பட்டது. முந்தைய அசல் பத்திரத்தை காட்ட வேண்டும், தொலைந்திருந்தால் போலீஸ் சான்று வேண்டும் என்று அது சொன்னது. அந்த விதியின் முதல் பகுதி செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி தீர்ப்பு கூறியது. அதே மாதக் கடைசியில், அசல் ஆவணத்தை கேட்கும் வகையில் சட்டத்தையே திருத்தும் மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறியது. ஆகவே பதிவுக்கு நாள் குறிக்கும் முன்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து விடுவது நல்லது.

வீட்டு வசதி வாரிய வீடு

நந்தனத்தில் இதைப் பேசும்போது வீட்டு வசதி வாரியத்தை விட முடியாது. அந்த வாரியத்தின் தலைமை அலுவலகம் நீண்ட காலம் இருந்தது நந்தனம் அண்ணா சாலையில்தான். 1952-ல், நந்தன வருடத்தில், ராஜாஜி வைத்த பெயர்தான் நந்தனம் என்பார்கள். குடியிருப்பாகவே உருவான பகுதி இது.

வாரியத்தில் தவணை முறையில் வீடு வாங்கியவர்களுக்கு கதை வேறு. வங்கியில் கொடுத்ததை திரும்ப வாங்குகிறோம். வாரியத்தில் எல்லா தவணையும் முடிந்த பிறகுதான் விற்பனைப் பத்திரமே முதல் முறையாக எழுதப்படும். ஒதுக்கீட்டு உத்தரவும், ஒப்பந்தமும், தவணை ரசீதுகளும்தான் அதுவரை கையில் இருக்கும். அவற்றை தொலைத்து விட்டால் கட்டிய பணத்துக்கு கணக்கு சொல்வதே பெரும்பாடு. ஒதுக்கீடு பெற்றவர் இறந்து, பிள்ளைகள் பெயர் மாற்றாமலே குடியிருக்கும் வீடுகளில் முதலில் பெயர் மாற்றம், பிறகு பாக்கி கணக்கு, கடைசியில் பத்திரம் என்ற வரிசையில்தான் போக முடியும்.

யாரிடம் புகார்?

முதலில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவை இல்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். இணையதளத்தில் புகாரை பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் கொடுத்தது வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கியிடம் புகார் செய்ய வேண்டும்.

தினம் ரூ.5 ஆயிரம் வாங்கி விட்டால் மற்ற நஷ்டத்தை கேட்க முடியாது என்று நினைக்க வேண்டாம். வேறு சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டை இது பாதிக்காது என்று உத்தரவிலேயே இருக்கிறது. வீட்டு விற்பனை கைநழுவியது, அட்வான்சை திருப்பிக் கொடுத்தது போன்றவற்றுக்கு ஆதாரம் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். எப்படி தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசலாம். போகும்போது கடன் முடிந்த கடிதம், முத்திரை வாங்கிய மனுவின் நகல், வங்கி கொடுத்த ஆவணப் பட்டியல், "காணோம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த கடிதம் ஆகியவற்றை இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டு போக வேண்டும்.